முகப் படத்தில் உள்ள சமூகக் கிண்டலைப் புரிந்துகொள்வது எப்படி?

ஒரு முகச் சித்திரத்தைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறது. ஆனால் எதற்குச் சிரித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லையா? ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். தொங்கும் தாடை, நெற்றியில் முடிக்கொத்து, சட்டைப் பையில் பேனா என்று. 'திமிர் பிடித்த ஆள்' என்பதெல்லாம் அப்புறம்.

அடுத்து, எது மிகையாக இருக்கிறது என்று தேடுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். பிரான்சில் சார்ல் பிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர், லூயி பிலிப் ராஜாவைக் கேலி செய்ததாக 1831 நவம்பரில் கோர்ட்டில் நின்றார். அங்கே நான்கு படங்களைக் காட்டினார். முதலாவது ராஜாவின் முகமேதான். அடுத்ததில் கன்னமும் தாடையும் இறங்கி உப்புகின்றன. மூன்றாவதில் கண், மூக்கு, வாய் எல்லாம் சில கோடுகளாகச் சுருங்குகின்றன. நான்காவது, பேரிக்காய்! இதில் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது என்பதுதான் அவருடைய வாதம். அவருக்குக் கிடைத்தது 6 மாதச் சிறை. பேரிக்காயோ பாரிஸ் நகரச் சுவர்களில் எல்லாம் ஏறிவிட்டது. அந்த நான்கு படங்களையும் இணையத்தில் தேடி எடுத்து, எந்தக் கோடு எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவதாக உடை, நகை, கையில் உள்ள பொருள். ஆளின் அந்தஸ்தைப் பெரும்பாலும் இவையே சொல்லிவிடும்.

நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியம்: அடி யார்மேல் விழுகிறது? வட சென்னைக்காரரை வரையச் சொன்னால் பலரும் மடித்துக் கட்டிய லுங்கி, பரட்டைத் தலை, இடுப்பில் கத்தி என்றுதான் வரைகிறார்கள். அதிலும் இதே மிகைதான் இருக்கிறது. ஆனால் பிலிப்போன் வரைந்தது, தன்னை உள்ளே தள்ளக்கூடிய ஒருவரை. காசிமேட்டில் விடியற்காலையில் மீன்கூடை தூக்குபவருக்கு அப்படி என்ன அதிகாரம் இருக்கிறது? அவருடைய நிறத்தையும் பேச்சையும் இளக்காரம் செய்யும் படத்தைச் சமூகக் கிண்டல் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சரி, இப்போது ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யாரை, எதற்காக, எந்தக் கோட்டால் கிண்டல் செய்கிறது இந்தப் படம்? கோட்டைக் காட்ட முடியவில்லை என்றால் நீங்களாகக் கற்பனை செய்கிறீர்கள் என்று அர்த்தம். மறுபடி முதல் படிக்குப் போங்கள்.

பயிற்சிக்கு, தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ கட்டியிருக்கும் ஒரு பிறந்தநாள் பேனரைப் பாருங்கள். நடுவில் ஆளுயர முகம் யாருடையது, அடியில் ஸ்டாம்பு அளவில் யார் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பேனரை, அந்தச் சின்ன முகங்களைப் பெரிதாக்கியும் பெரிய முகத்தை ஸ்டாம்பு அளவுக்குக் குறைத்தும் வரைந்து, பக்கத்தில் உங்கள் ஒற்றை வாக்கியத்தை எழுதுங்கள்.