பழைய ஃபிலிம் பிரிண்ட் வாங்கும்போது கறுப்பைப் பாருங்கள்

வீட்டு பிரொஜெக்டருக்கென விற்கப்பட்ட வண்ணப் பிரிண்ட் (திரையிடுவதற்காக அச்சிட்ட ஃபிலிம் பிரதி) ஒன்று கையில் கிடைத்தால், பலரும் முதலில் முகங்களையும் வானத்தையும்தான் பார்ப்பார்கள். அது தவறு. முகம் இளஞ்சிவப்பாக இருந்தாலும் கண் ஏற்றுக்கொண்டுவிடும். மாலை நேரக் காட்சி செம்மையாக இருந்தால் சூரிய அஸ்தமனம் என்றே தோன்றும். நீங்கள் பார்க்க வேண்டியது கறுப்பை: கோட்டு, தலைமுடி, கதவு நிழல், எழுத்துப் பலகையின் பின்னணி. ஃபிரேமை வெள்ளைக் காகிதத்தின் மேலோ லைட் பாக்ஸிலோ வைத்து லூப் கண்ணாடியால் பாருங்கள். நல்ல பிரிண்டில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். நிறம் போனதில் அது செங்கல் நிறமாகவோ கத்தரிப்பூ கலந்த பழுப்பாகவோ தெரியும்.

ஏன் என்றால், வண்ண பிரிண்டில் மூன்று சாய அடுக்குகள் இருக்கின்றன: சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள். மூன்றும் சேர்ந்தால்தான் கறுப்பு. 1950இல் கோடாக் கொண்டுவந்த ஈஸ்ட்மேன்கலரின் பழைய பிரிண்ட் ஃபிலிம்களில் சயான் சாயம்தான் மிகவும் பலவீனமானது, அடுத்தது மஞ்சள். சயானின் வேலை சிவப்பு ஒளியைத் தடுப்பது. அது குறைந்தால், தடுக்க ஆளில்லாமல் சிவப்பு எல்லா இடத்திலும் பாயும். மெஜந்தா மட்டும் தாக்குப்பிடித்து நிற்பதால் படம் முழுவதும் ரோஜா நிறத்துக்குப் போகிறது. இதற்கு வெளிச்சம் தேவையில்லை. பெட்டிக்குள் இருட்டில் ஒரு தடவைகூடத் திரையிடாமல் கிடந்த பிரிண்டும் சிவந்துபோகும். வெப்பமும் ஈரப்பதமும் அந்த வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். ஆகவே 'அதிகம் ஓடாத பிரிண்ட்' என்று விற்பவர் சொல்வது கீறலைப் பற்றிய தகவல். நிறத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

அடுத்து ஃபிலிமின் ஓரத்தைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயரும் சில குறிகளும் அங்கே இருக்கும். ஈஸ்ட்மேன் என்று மட்டும் இருந்து, 1970களின் பிரிண்ட் போலத் தெரிந்தால், சிவந்திருக்கும் என்றே எண்ணிக்கொண்டு பாருங்கள். 'எஸ்பி' (SP) என்ற எழுத்துகள் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். 'எல்பிபி' (LPP) என்று இருந்தால் நல்ல செய்தி: 1980களின் தொடக்கத்தில் கோடாக் கொண்டுவந்த, சாயம் நீடிக்கும் வகை அது. 1980இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி நிறம் மங்கும் ஃபிலிமுக்கு எதிராகத் திரைத்துறையினரைத் திரட்டியது இந்த மாற்றத்துக்கு முந்தைய நிகழ்வு. கோடாக் ஃபிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல் குறி போன்ற சின்னங்கள் ஆண்டைக் குறிக்கும். ஆனால் அவை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. அதோடு அவை சொல்வது ஃபிலிம் தயாரான ஆண்டை. பிரிண்ட் எடுத்த ஆண்டு அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். சூப்பர் 8இல் (8 மி.மீ. அகல வீட்டு ஃபிலிம் வகை) இன்னொரு சிக்கல்: அகலமான ஃபிலிமில் பல வரிசைகளாக அச்சிட்டுப் பிறகு நீளவாக்கில் அறுத்திருப்பார்கள். அதனால் பல ரீல்களில் ஓரக் குறியே இருக்காது. அப்போது கறுப்பு ஒன்றுதான் சாட்சி.

டெக்னிகலரின் சாயப் பெயர்ச்சி முறையில் அச்சிட்ட பிரிண்ட், சேகரிப்பாளர்கள் 'ஐபி' (IB) என்று சொல்வது, தனிச் சாதி. அதில் சாயத்தை எமல்ஷனுக்குள் (ஃபிலிமின் மேல் படம் பதியும் படலம்) ரசாயன வினையால் உருவாக்குவதில்லை. தனியாகத் தயாரித்த உறுதியான சாயத்தை அச்சுப் போல ஃபிலிமுக்கு மாற்றுகிறார்கள். அந்த நிறம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் ஆழமாக நிற்கிறது. 16 எம்.எம். பிரிண்டில் ஆப்டிகல் சவுண்ட் டிராக்கை, அதாவது ஓரத்தில் ஒலியைப் படமாகப் பதித்த பட்டையை, பாருங்கள்: ஐபி என்றால் அது வெள்ளி மட்டுமே உள்ள சாம்பல்-கறுப்பாக இருக்கும், நிறச் சாயல் இராது. கோடாக்ரோமும் (16 எம்.எம்.இல் 1935, 8 எம்.எம்.இல் 1936) இருட்டில் வைத்தால் நிறம் காக்கும் ஃபிலிம்தான்; முதல் சில ஆண்டுகளின் கோடாக்ரோம் மட்டும் விதிவிலக்கு. கறுப்பு-வெள்ளைப் பிரிண்டில் சாயமே இல்லை என்பதால் இந்தக் கவலையும் இல்லை. தொடங்குபவர்கள் முதல் சில ரீல்களைக் கறுப்பு-வெள்ளையில் வாங்குவது நல்ல யோசனை.

இணையத்தில் வாங்கும்போது புகைப்படம் கேட்பதிலும் முறை இருக்கிறது. கைபேசி கேமரா நிறச் சமநிலையைத் தானே சரிசெய்துகொள்ளும். சிவந்த ஃபிரேமை மட்டும் நெருக்கமாக எடுத்தால், அது பாதி நல்ல நிறமாகவே வந்துவிடும். ஆகவே ஃபிலிம் துண்டுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் இருக்க வேண்டும், அந்தக் காகிதம் படத்தில் பாதிக்கு மேல் தெரிய வேண்டும், பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ரீலின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் கேளுங்கள். பழுதான பகுதியை வேறு பிரிண்டிலிருந்து வெட்டி ஒட்டிய ரீல்கள் நிறைய உண்டு. முதல் 50 அடி பளிச்சென்றும் மீதி ரோஜாவாகவும் இருக்கலாம். விற்பவர் படம் தர மறுத்தால், மங்கிய பிரிண்டுக்கு உரிய விலையை மட்டும் சொல்லுங்கள்.

நிறம் நன்றாக இருந்தும் ரீல் வீணாகும் வழி ஒன்று உண்டு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், ஃபிலிமின் அசிடேட் பிளாஸ்டிக் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வெளியேறும் அமிலம் சிதைவை மேலும் தூண்டும், பக்கத்து ரீல்களையும் பாதிக்கும். ஏ-டி ஸ்ட்ரிப் எனப்படும் நீலக் காகிதத் துண்டை மூடிய டப்பாவுக்குள் ஒரு நாள் வையுங்கள். பச்சைக்கும் பிறகு மஞ்சளுக்கும் மாறினால், அந்த அளவுக்கு அமிலம் இருக்கிறது. 0 முதல் 3 வரையிலான அதன் அளவுகோலில் 1.5ஐத் தாண்டினால் சிதைவு தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும் கட்டம். அந்த ரீலை உடனே தனியே பிரித்துவிட்டு, ஸ்கேன் செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

அசிடேட் சுருங்கவும் செய்யும். அளப்பது எளிது: ஒரு துளையின் விளிம்பிலிருந்து 100 துளைகள் தள்ளி அதே விளிம்பு வரை உலோக அளவுகோலால் அளவெடுங்கள். 16 எம்.எம்.இல் 762 மி.மீ., சூப்பர் 8இல் 423 மி.மீ., பழைய 8 எம்.எம்.இல் 381 மி.மீ. வர வேண்டும். 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 16 எம்.எம்.இல் 7.6 மி.மீ.க்கு மேல், பிரொஜெக்டரில் போடாதீர்கள். பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். பாலியெஸ்டர் ஃபிலிமுக்கு வினிகர் நோய் கிடையாது. ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பாலியெஸ்டர் ஒளியை ஊடுருவ விட்டு மின்னும், அசிடேட் மங்கலாக நிற்கும். பாலியெஸ்டரை ஃபிலிம் சிமென்ட் என்ற பசை ஒட்டாது. டேப் ஸ்பிளைஸ் (ஒட்டுநாடா இணைப்பு) தான் போட வேண்டும்.

இப்போது சேமிப்பு. போன நிறம் ஃபிலிமில் திரும்பி வராது. எந்தத் திரவத்தைத் தடவினாலும் அழிந்த சாயம் மறுபடி உருவாகாது. ஃபிலிம் கிளீனர்கள் தூசியை நீக்கும், உராய்வைக் குறைக்கும், சில வகைகள் மேலோட்டமான கீறலை மறைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். காந்த ஒலிப்பட்டை உள்ள பிரிண்டில் புதிய திரவத்தை முதலில் லீடர் (படம் தொடங்குமுன் உள்ள ஃபிலிம்) பகுதியில் சோதித்துப் பாருங்கள், சில திரவங்கள் பட்டையைக் கழற்றிவிடும். தண்ணீர் எமல்ஷனை உப்ப வைக்கும் என்பதால் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

மிச்சமிருக்கும் நிறத்தைக் காப்பது குளிர்தான். ஆவணக் காப்பகங்கள் வண்ண ஃபிலிமை 2 டிகிரி செல்சியஸ் அளவிலும் அதற்குக் கீழும், 30 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் வைப்பது இதற்காகவே. வீட்டில் ஃபிரிட்ஜைப் பயன்படுத்தலாம், ஆனால் உள்ளே ஈரம் அதிகம் என்பதால் உறையிடுவது முக்கியம். ரீலை முதலில் வறண்ட அறையில் சில நாள் விட்டு வையுங்கள். பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தடித்த ஜிப் பைக்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். அதை இரண்டாவது பைக்குள் வைக்கும்போது, இரண்டுக்கும் நடுவில் ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்றைச் செருகுங்கள். அட்டை நிறம் மாறினால் வெளிப்பை கசிகிறது, உள்ளே இருப்பது இன்னும் பத்திரம். வெளியே எடுத்தால் பைகளைத் திறக்காமல் ஒரு முழு நாள் அறையில் விடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த ஃபிலிமின் மேல் நீர்த்துளிகள் படியும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்த ஒலிப்பட்டை உள்ள ரீலை உறைநிலைக்குக் கீழே கொண்டுபோகாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைப்பது உசிதம். வினிகர் வாடை உள்ளதை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

சிவந்துபோன பிரிண்டைத் திரையில் பார்க்க ஒரு வழி உண்டு. லென்ஸுக்கு முன்னால் வெளிர் சயான் ஃபில்டரைப் பிடியுங்கள். சிவப்பு குறைந்து, முகங்கள் இயல்புக்கு நெருங்கும். ஆனால் திரை மங்கும், நிழல்களுக்கு ஆழம் வராது. ஃபில்டர் படம் முழுவதையும் ஒரே அளவில் மாற்றுகிறது. சயான் சாயமோ ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு அளவில் இருக்க வேண்டியது.

அந்த வேலையைச் செய்ய ஸ்கேன் வேண்டும். தானியங்கி எக்ஸ்போஷரையும் தானியங்கி வெள்ளைச் சமநிலையையும் அணைக்கச் சொல்லுங்கள். சிவப்புச் சேனல் (ஸ்கேனில் சிவப்பு ஒளியின் பதிவு) எளிதில் நிரம்பி வழியும் என்பதால், அது உச்சத்தைத் தொடாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். 8 பிட் வீடியோவாக வாங்காதீர்கள். 16 பிட் படக் கோப்புகளாக வாங்குங்கள். மங்கிய பிரிண்டின் சிவப்புச் சேனலில் இருண்டதற்கும் வெளிச்சத்துக்கும் இடையே சிறு இடைவெளிதான் மிச்சமிருக்கும். அதை இழுத்து நீட்டும்போது 8 பிட்டில் படிக்கட்டு போலப் பட்டைகள் விழும், 16 பிட்டில் விழாது. மூன்று சேனல்களையும் தனித்தனியே, கறுப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் பொருந்தும்படி நீட்டுங்கள். நீட்டிய சேனலில் கிரெய்ன் (ஃபிலிமின் மணல்போன்ற புள்ளிகள்) கூடுதலாகத் தெரியும். அதைத் துடைக்கப் போனால் முகங்கள் மெழுகுபோல ஆகிவிடும், விட்டுவிடுவது மேல்.

வாங்கிய அன்றே ஒவ்வொரு வண்ண ரீலிலும் கறுப்பு நன்றாகத் தெரியும் ஒரு ஃபிரேமைத் தேர்ந்து, வெள்ளைக் காகிதத்தோடு, கேமராவின் வெள்ளைச் சமநிலையை ஒரே எண்ணில் நிறுத்திப் படமெடுத்து வையுங்கள். அந்த ஃபிரேம் எத்தனையாவது அடியில் இருக்கிறது என்று டப்பாவில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே ஃபிரேமை அதே விளக்கில் எடுத்து ஒப்பிட்டால், எந்த ரீலை முதலில் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும்.