பிக்கப் வண்டியின் பிரேக்கில் கருகல் வாடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரம் ஏற்றிய பிக்கப் வண்டியின் சக்கரத்தருகே கருகல் வாடை வீசுகிறது என்று சொன்னால், பல பட்டறைகளில் மறுபேச்சின்றி, டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். சில நாட்களில் அதே வாடை திரும்பவும் வருகிறது. பேட் கருகியது விளைவுதான். அதைக் கருக்கியது எது என்று தேடாமல் விட்டதே இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு.

அதற்கும் முன்னால், வாடை பிரேக்கிலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மேடேறும்போது அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் பிளேட்டும் ஏறக்குறைய இதே போலத்தான் நாறும். வாடை ஏற்றத்தில் வந்தால் கிளட்ச்சையும், இறக்கத்திலோ சமதளத்திலோ வந்தால் பிரேக்கையும் முதலில் சந்தேகிப்பது நல்லது. சைலன்சரில் ஒட்டிக்கொண்ட பாலிதீன் பையும் ஆளை ஏமாற்றும். புதிய பேட் மாட்டிய தொடக்கத்தில் லேசான வாடை வருவது இயல்பு. அதற்காக மறுபடியும் கழற்ற வேண்டியதில்லை.

இருபுறச் சக்கரங்களும் ஒரே அளவில் சூடேறியிருந்தால், பெரும்பாலும் கோளாறு வண்டியில் இல்லை, ஓட்டிய முறையில் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பலாப்பழ லோடோடு இறங்கும் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 2.5 டன் உள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. எஞ்சின் வாங்கிக்கொள்ளாத பங்கில் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான் விழும். டீசலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் இறங்குவது அந்தப் பங்கைக் கூட்டிக்கொள்ளும் வேலை. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் வேக்கம் பூஸ்டரின் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோய், பெடல் கல்லைப் போல இறுகிவிடும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் கணக்கு இன்றைக்கும் பொய்க்கவில்லை.

புகை வந்தவுடன் ஓரங்கட்டித் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. சூடேறியிருக்கும் வார்ப்பிரும்பு டிஸ்க் சட்டென்று குளிர்ந்தால் கோணிப்போகலாம், விரிசலும் விடலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தினால், ஆறும்போது சுருங்கும் பின்சக்கர டிரம், உள்ளே உரசும் லைனரைப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே வண்டியைச் சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தானாக ஆற விடுவதே முறை. தீப்பிடித்தால் மட்டும் தீயணைப்பானை எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது என்றால் பெரும்பாலும் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையால் தொட்டுப் பார்ப்பது வேண்டாம். அகச்சிவப்பு வெப்பமானியை வைத்து இடதையும் வலதையும் ஒப்பிட்டால் போதும். பிறகு மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சூடேறும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கி கொடுத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால், பிரேக் ஆயிலை வெளியேற்ற அந்தச் சக்கரத்தில் உள்ள பிளீடர் நிப்பிளை மெல்லத் திறக்கவும். ஆயில் பீய்ச்சியடித்து, அதே நொடியில் சக்கரம் இளகிச் சுற்றினால், உள்ளே அழுத்தம் திரும்பிப் போக வழியின்றி அடைபட்டிருக்கிறது என்று பொருள். ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி நடந்தால் அதற்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் உட்புறம் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருக்கும். எல்லாச் சக்கரங்களிலும் நடந்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். பெடல் ஆழமாகப் போகிறது என்ற புகாருக்காக யாரோ அந்தச் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடை நீட்டிவைத்து, பெடலில் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் இருக்க வேண்டிய சிறு இடைவெளியே இல்லாமல் செய்திருப்பதை இங்கே அடிக்கடி காணலாம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இளகவில்லை என்றால் காரணம் இயந்திரப் பகுதியில் இருக்கிறது: பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பரின் துருவேறிய பிஸ்டன், காலிப்பர் நகர உதவும் சிலைடு பின் சிக்கியது, பின்சக்கரத்தில் திரும்பாத ஹேண்ட் பிரேக் கேபிள், டிரம்முக்குள் லைனரைத் தாங்கும் ஷூவை அளவுக்கு மீறி இறுக்கியது. இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். ஆனாலும் இதைச் செய்யாமலேயே காலிப்பரை மாற்றச் சொல்பவர்கள் ஏராளம்.

சிலைடு பின்னைக் கழற்றும்போது அதன் ரப்பர் உறை கிழிந்திருப்பதும், பழைய கிரீஸ் பழுப்புப் பிசினாக இறுகியிருப்பதும் தெரியும். கைக்கு அகப்பட்ட சாதாரண கிரீஸையே திரும்பப் பூசினால் ரப்பர் ஊதி, சிலைடு பின் மறுபடியும் சிக்கும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸைத்தான் பூச வேண்டும். பிரேக் ஆயில் தொட்டியில் தவறிப்போய் எஞ்சின் ஆயிலை ஊற்றினால் சீல்கள் அனைத்தும் ஊதிவிடும். அதன்பின் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, ரப்பர்களையும் மாற்றியாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. அடிக்கடி மலையிறங்கும் வண்டியில் தொட்டி நிறைந்திருக்கிறதே என்று பழைய ஆயிலை வைத்துக்கொண்டிருந்தால், அது கொதித்து, பெடல் தரைவரை போய்விடும்.

பின் டிரம்மில் வாடையோடு ஈரப்பசையும் இருந்தால் லைனரைத் துடைத்து மாட்டக் கூடாது. ஆக்சில் சீல் வழியாகக் கிரவுன் ஆயிலோ (பின் ஆக்சிலின் கியர் ஆயில்), வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயிலோ கசிந்திருக்கும். கசிவை நிறுத்திய பிறகே புது லைனர்.

பிக்கப்புக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல வண்டிகளில் பின் ஆக்சிலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதிக லோடு ஏற்றக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டு வண்டியின் பின்புறத்தை உயர்த்திவிட்டால், வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்கின் மீது விழ, முன்பேட் திரும்பத் திரும்பக் கருகும். எந்தப் பட்டறையும் முன்சக்கரத்தில் இதற்கு விடை காண முடியாது.

வேலை முடிந்தபின் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததை உறுதிசெய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. பிறகு சமதளத்தில் சில கிலோமீட்டர் அதிகம் பிரேக் மிதிக்காமல் ஓட்டி, இருபுறச் சூட்டையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். வித்தியாசம் இன்னும் நீடித்தால், அடுத்ததாகச் சக்கரம் சுழல உதவும் ஹப் பேரிங்கின் இறுக்கத்தைச் சோதிக்கலாம்.