நற்பணிக்காக ஓடப் போகிறீர்களா? முதல்முறை நிதி திரட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

என் முதல் அரை மாரத்தானுக்கு நான்கு மாதம் பயிற்சி எடுத்தேன். நன்கொடை கேட்பதற்கு நான்கு நிமிடம்கூடச் செலவிடவில்லை. இருநூறு பேர் இருந்த ஒரு குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கட்டைவிரல் குறிகள் மழையாகப் பொழிந்தன. பணம் கொடுத்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் என் அக்கா. ஓடுவதைவிடக் கேட்பதுதான் கடினம் என்று அன்று புரிந்தது. அதற்கும் பயிற்சி வேண்டும்.

1. யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தொண்டு நிறுவனத்தைத் தேடாதீர்கள். பதிவு பெற்ற, வரவுசெலவுக் கணக்கை வெளியிடுகிற அமைப்பாகப் பார்த்து, அவர்களிடமே பேசுங்கள். நன்கொடை நேரடியாக அவர்கள் கணக்குக்குப் போக வழி உண்டா, ரசீது கொடுப்பார்களா, இணையத்தளம் வழியாகத் திரட்டினால் அந்தத் தளம் எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று கேட்டுவிடுங்கள். உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு காசும் விழக் கூடாது. நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி, பிறகு கணக்குக் காட்டும் தலைவலி தேவையில்லை.

2. உங்களுக்குக் கடினமானதைத் தேர்ந்தெடுங்கள்

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அயர்ன்மேன் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு ஒரு முழு மாரத்தான். இவற்றைக் கேட்டு மலைக்க வேண்டாம். 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 99 வயது டாம் மூர், நடைச்சட்டத்தைப் பிடித்தபடி 25 மீட்டர் நீளமுள்ள தன் தோட்டத்தை 100 முறை கடந்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டரை கிலோமீட்டர்தான். 1,000 பவுண்டு திரட்ட நினைத்தவருக்கு 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்த இரண்டரை கிலோமீட்டர் அவருக்கு என்ன பாடு என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. வாரம் தவறாமல் மாரத்தான் ஓடுகிறவர் இன்னொரு மாரத்தானுக்குப் பணம் கேட்டால் நானே யோசிப்பேன்.

பெரிய பந்தயங்களில் தொண்டு நிறுவனங்களுக்கென ஒதுக்கிய இடங்கள் உண்டு. அந்த இடத்தை எடுத்தால் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

3. உடம்பைத் தயார் செய்யுங்கள்

இதை எழுதப் பலர் இருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்கெனவே ஓடிப் பழகியவருக்கே முழு மாரத்தானுக்கு 16 முதல் 20 வாரங்கள் வேண்டும். புதியவர்கள் 5 அல்லது 10 கிலோமீட்டரில் தொடங்கலாம். வாரம் ஒரு நெடுந்தூர ஓட்டம், மெல்ல மெல்லக் கூட்டுங்கள், கடைசி இரண்டு மூன்று வாரம் குறையுங்கள். பந்தயத்தன்று புதுக் காலணி வேண்டாம். தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். இதய நோய், சர்க்கரை நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

4. கேட்பது

நன்கொடைப் பக்கத்தைத் திறந்ததும் முதல் தொகையை நீங்களே போடுங்கள். அடுத்து மிக நெருங்கிய ஐந்து பேரிடம் கேளுங்கள். வெறும் பூஜ்யத்தைக் காட்டும் பக்கத்தில் முதல் ஆளாக நுழைய யாருக்கும் தயக்கம்தான். பின்னால் வருகிறவர்கள் முன்னால் போனவர்களின் தொகையைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்கிறார்கள். அதனால் அந்த ஐந்து பேரில் தாராள மனம் கொண்டவர் ஒருவர் இருப்பது நல்லது.

பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாம் ஆண்டு நான் அனுப்பிய ஒன்று இது:

“சித்தி, வணக்கம். இன்னும் எட்டு வாரத்தில் 21 கிலோமீட்டர் ஓடப் போகிறேன். பள்ளி நாட்களில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பார்வையற்ற குழந்தைகளுக்குப் பிரெயில் நூல்கள் அச்சிடும் அமைப்புக்காக இந்த ஓட்டம். ஒரு கிலோமீட்டரை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளலாமா? முடியாவிட்டாலும் வருத்தமில்லை. சுட்டி கீழே இருக்கிறது.”

இலக்குத் தொகையை 21ஆல் வகுத்துவிட்டேன், அவ்வளவுதான். சித்தி இரண்டு கிலோமீட்டர் எடுத்துக்கொண்டார். இப்படிப் பங்கு பிரிப்பதன் பலத்தைக் காட்டியவர் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ். புற்றுநோயால் வலது காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். ஆரம்ப நாட்களில் பல இடங்களில் வரவேற்பே இல்லை. சுமார் 10,000 பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊர் மட்டும் 10,000 டாலருக்கு மேல் கொடுத்தது. ‘ஆளுக்கு ஒரு டாலர்’ என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியது. 1981 பிப்ரவரிக்குள், கனடாவின் மக்கள்தொகைக்கு ஈடாக 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது.

‘ஓடி முடிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு’ என்று வாக்குறுதி வாங்கும் முறையும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. ஓடி முடித்த பிறகு கடன்காரனைப் போல வசூலுக்கு அலைய வேண்டும்.

பதிவுக் கட்டணம், காலணி, பயணம் எல்லாம் உங்கள் கைச்செலவு என்றால் அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ‘நம் பணத்தில் ஊர் சுற்றுகிறான்’ என்ற சந்தேகம் வாய்விட்டுச் சொல்லப்படாது, ஆனால் இருக்கும்.

5. இடையிலும் பிறகும்

வாரம் ஒருமுறை ஒரு படம், இரண்டு வரி போதும். கொப்புளம் வந்த குதிகாலையும் காட்டுங்கள். பந்தயம் முடிந்த இரவே முடிவைச் சொல்லுங்கள், பக்கத்தை உடனே மூட வேண்டாம்; கொடுக்க நினைத்து மறந்தவர்கள் அப்போதுதான் வருவார்கள். பாதியில் நின்றுவிட்டீர்களா? எந்தக் கிலோமீட்டரில், ஏன் என்று அப்படியே எழுதுங்கள். டெர்ரியும் கடைசிவரை போய்ச் சேரவில்லை.

நன்றிச் செய்தியைப் பெயர் சொல்லி அனுப்புங்கள், அதில் மறுபடியும் பணம் கேட்காதீர்கள். முதல் ஆண்டு அக்காவுக்கு நன்றி சொல்லவே மறந்துவிட்டேன். அடுத்த ஆண்டு சித்திக்கு முன்பே அவளுக்குத்தான் எழுதினேன். “போன வருடக் கிலோமீட்டருக்கே இன்னும் கணக்கு வரவில்லையே” என்று பதில் வந்தது.