சான் பிரான்சிஸ்கோவில் முதல் ஓட்டா? ‘ப்ராப்’களைப் படித்து முடிவெடுப்பது இப்படித்தான்

ஊரில் ஓட்டுப் போட்டுப் பழகிய கை இது. பூத்துக்குள் போனால் ஒரு பொத்தான், ஒரு பீப் சத்தம், விரலில் மை. வெளியே வந்து ஒரு டீ. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு நான் போட்ட முதல் ஓட்டு 2024 நவம்பரில். தபாலில் வந்த உறையைப் பிரித்ததும் தலை சுற்றிவிட்டது. அதிபர், மேயர் எல்லாம் சரி. அதற்குக் கீழே மாநில அளவில் 10 கேள்விகள், நகர அளவில் ஏ முதல் ஓ வரை 15 கேள்விகள். 25 சட்ட விஷயங்களுக்கு நான் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்ல வேண்டுமாம்!

இந்தக் கேள்விகளைத்தான் இங்கே எல்லோரும் ‘ப்ராப்’ என்கிறார்கள். எண் போட்டிருந்தால் கலிபோர்னியா முழுவதற்கும் பொருந்தும். எழுத்து போட்டிருந்தால் நம் நகரத்துக்கு மட்டும். இந்தப் பதிவு எழுத்துப் போட்டவற்றைப் பற்றியது.

முதலில்: உங்களுக்கு ஓட்டு உண்டா?

அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு, எச்1பி எதுவும் செல்லாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்தில் படிவத்தைப் படிக்காமல் டிக் அடித்து, வாக்காளராகப் பதிவாகிவிட்டால் பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகும். நாடு கடத்துகிற அளவுக்குப் போகலாம். இதில் விளையாடாதீர்கள்.

குடிமகனாக இல்லாத பெற்றோர், பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் ஓட்டுப் போட 2016-இல் இந்த நகரம் ஒரு ப்ராப் மூலம் அனுமதித்தது. வழக்குகளைத் தாண்டி 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நீங்கள் கொடுக்கும் விவரங்கள் குடிவரவுத் துறையின் கைக்குப் போகக்கூடும் என்று தேர்தல் துறையே எச்சரிக்கிறது. வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது: இதை யார் கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள்

ஒரு கேள்வி வாக்குச்சீட்டுக்கு வந்து சேர ஒரே ஒரு வழி என்று இல்லை. மேயர் கொண்டுவரலாம். நகரத்தின் 11 சூப்பர்வைசர்களில் (நம் ஊர் கவுன்சிலர் மாதிரி, ஆனால் அதிகாரம் நிறைய) நான்கு பேர் கையெழுத்துப் போட்டால் ஒரு சாதாரண சட்டம் வந்துவிடும். நகர சாசனத்தையே (நகரத்தின் அரசியலமைப்பு மாதிரி) மாற்றுவதென்றால் ஆறு பேர் வேண்டும். பொதுமக்களும் கையெழுத்து திரட்டிக் கொண்டுவரலாம். சாதாரணச் சட்டத்துக்குப் பதிவான வாக்காளர்களில் 2 சதவீதம் போதும், ஏறக்குறைய பத்தாயிரம் பேர். கடை வாசலில் பலகையும் பேனாவுமாக நிற்பவர்கள் இதற்காகத்தான் நிற்கிறார்கள். பலர் கூலிக்கு நிற்பவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது புது வழக்கமும் இல்லை. 1898 சாசனத்திலேயே இந்த உரிமையை எழுதி வைத்த நகரம் இது. மாநிலம் 1911-இல்தான் கொண்டுவந்தது. இத்தனை சுலபமாக இருப்பதால் கிறுக்குத்தனமும் நடக்கும். 1993-இல் ஒரு போலீஸ்காரர் கையில் பேசும் பொம்மையோடு ரோந்து போகலாமா என்று ஓட்டெடுத்தார்கள். மக்கள் ‘போகலாம்’ என்றார்கள். 2008-இல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு ஜார்ஜ் புஷ் பெயரை வைக்கலாமா என்று கேட்டார்கள். அது மட்டும் தோற்றது.

தலைப்பை நம்பாதீர்கள், கையேட்டைத் திறங்கள்

தேர்தலுக்குச் சில வாரம் முன்பு வாக்காளர் தகவல் கையேடு ஒன்று வீட்டுக்கு வரும். தலையணை கனம். முழுவதும் படிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ப்ராப்புக்கும் தொடக்கத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் புரிய வேண்டும் என்று ஒரு குழு உட்கார்ந்து எழுதுவது அது. ‘இப்போது எப்படி இருக்கிறது’, ‘என்ன மாற்றச் சொல்கிறார்கள்’, ‘ஆம் என்றால் என்ன அர்த்தம்’, ‘இல்லை என்றால் என்ன அர்த்தம்’ என்று நான்கு பகுதி.

நான் கடைசியிலிருந்து படிப்பேன். ‘இல்லை என்றால் என்ன அர்த்தம்’ என்பதுதான் முதலில். அது தோற்றால் எதுவும் மாறாதா, இல்லை ஏதாவது நின்றுபோகுமா என்று அதில் தெரிந்துவிடும். ரெஃபரெண்டம் என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஏற்கெனவே சூப்பர்வைசர்கள் சபை நிறைவேற்றிய சட்டத்தை எதிர்ப்பவர்கள் கையெழுத்து திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவது அது. அங்கே ‘ஆம்’ என்றால் அந்தச் சட்டம் இருக்கட்டும் என்று பொருள். எதிர்ப்புக்குத்தானே இந்த ஓட்டெடுப்பு என்று நினைத்து ‘ஆம்’ போட்டால் கதை தலைகீழ்.

சுருக்கத்துக்குப் பிறகு நகரத்தின் தணிக்கை அதிகாரி எழுதும் செலவுக் குறிப்பு. சின்னதுதான், ஆனால் கையேட்டிலேயே அதிகம் மதிக்கத்தக்க பக்கம் அதுதான். எவ்வளவு செலவு, யார் தலையில் விழும் என்று உணர்ச்சி இல்லாமல் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் வரும் பக்கம் பக்கமான வாதங்கள் பெரும்பாலும் காசு கட்டிப் போட்டவை. அதில் எழுதியிருப்பதைவிட அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ‘பணம் கொடுத்தவர்’ பெயர்தான் எனக்கு உதவியிருக்கிறது.

எத்தனை சதவீதம் வேண்டும்?

பாதிக்கு மேல் வாங்கினால் ஜெயித்துவிடும் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. சாதாரணச் சட்டத்துக்கும் சாசனத் திருத்தத்துக்கும் பாதிக்கு ஒன்று கூட இருந்தால் போதும். நகரம் கடன் பத்திரம் வெளியிட வேண்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2022 ஜூனில் பஸ், ரயில் வசதிகளுக்காக 40 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு அனுமதி கேட்டார்கள். சுமார் 65 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றும் தோற்றுப்போனது!

குறிப்பிட்ட ஒரு செலவுக்கென்று போடும் வரிக்கும் சபை கொண்டுவந்தால் இதே மூன்றில் இரண்டு. பொதுமக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்தால் பாதி போதும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வீடில்லாதவர்களுக்காகப் பெரிய நிறுவனங்கள் மீது வரி போட்ட, அப்படிக் கையெழுத்து திரட்டி வந்த 2018-ஆம் ஆண்டின் ப்ராப் சி சுமார் 61 சதவீதம் வாங்கியது. வழக்கு 2020 வரை இழுத்து, கடைசியில் செல்லும் என்று ஆனது. யார் கொண்டுவந்தார்கள் என்று முதலிலேயே பார்க்கச் சொன்னது இதனால்தான்.

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சொத்து வரிதானே, எனக்கென்ன’ என்று கடன் பத்திரத்தைக் கடந்து போகாதீர்கள். அதனால் கூடும் சொத்து வரியில் பாதியை வாடகைக்காரரிடம் வசூலிக்க வீட்டு உரிமையாளருக்கு வழி இருக்கிறது. கையேட்டின் சுருக்கத்திலேயே அதைச் சொல்லியிருப்பார்கள்.

யாருக்கு வலிக்கும் என்று கேளுங்கள்

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது 2024-இன் ப்ராப் கே. கடற்கரையை ஒட்டி லிங்கன் வேயிலிருந்து ஸ்லோட் வரை ஏறக்குறைய இரண்டு மைல் ஓடும் கிரேட் ஹைவேயில் கார்கள் ஓடுவதை நிரந்தரமாகத் தடை செய்யலாமா என்று கேட்டார்கள். சுமார் 55 சதவீதம் ‘ஆம்’. இப்போது அது சன்செட் டூன்ஸ் பூங்கா. மாலையில் போனால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஓட்டுகளை வரைபடமாகப் பார்த்தால் வேறு படம். அந்தச் சாலையில் தினமும் ஓட்டிப்போன மேற்குப் பக்கத்து மக்கள் பெருவாரியாக ‘இல்லை’ என்றார்கள். எப்போதாவது கடற்கரைக்கு வருகிற கிழக்குப் பக்கம் ‘ஆம்’ என்றது. அந்தக் கோபம் அடங்கவில்லை. ப்ராப்பை ஆதரித்த அந்தப் பகுதி சூப்பர்வைசர் ஜோயல் எங்கார்டியோவை 2025 செப்டம்பரில் பதவியிலிருந்தே இறக்கிவிட்டார்கள். நான் கிழக்குப் பக்கத்தில் இருப்பவன். ‘ஆம்’ போட்டேன். மறுபடி கேட்டால் அதையே போடுவேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மேற்குப் பக்கத்து சன்செட் பகுதியில் இருக்கும் நண்பனிடம் ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஒரு போன் போட்டிருக்கலாம்.

இன்னொன்று. மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டத்தைச் சபை நினைத்தால் திருத்த முடியாது, அந்தச் சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுத்திருந்தால் ஒழிய. சின்னப் பிழை என்றாலும் மறுபடி ஓட்டுக்குத்தான் வர வேண்டும். அதனால் நோக்கம் நல்லதாக இருந்தும் எழுதிய விதம் மோசமாக இருந்தால் நான் ‘இல்லை’ பக்கம் சாய்வேன்.

ஓட்டைப் போடுவது

இது சுலபம். வாக்குச்சீட்டு பதிவான எல்லோர் வீட்டுக்கும் ஒரு மாதம் முன்பே வந்துவிடும். கருப்புப் பேனாவால் முட்டை வடிவக் கட்டத்தை முழுவதும் நிரப்புங்கள். புரியாததை விட்டுவிடலாம், மற்ற ஓட்டுகள் செல்லும். உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். பதிவில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என்னுடையது தமிழ்க் கையெழுத்து, அப்படியே போட்டேன், பிரச்சினை வரவில்லை. ஸ்டாம்ப் தேவையில்லை. கடைசி நாள்வரை வைத்திருந்தால் தபாலை நம்பாமல் அதிகாரபூர்வ வாக்குப் பெட்டியிலோ வாக்குச் சாவடியிலோ இரவு 8 மணிக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள்.

ஓட்டு இல்லாதவர்களுக்கு

வாக்குச்சீட்டுக்கு வரும் விஷயங்களில் பல, மாதக்கணக்கில் சிட்டி ஹாலில் பேசப்பட்டவை. அங்கே போய்ப் பேசக் குடியுரிமை கேட்க மாட்டார்கள். பெயர் சொல்லுவதுகூட உங்கள் விருப்பம். சபை செவ்வாய்க்கிழமைகளில் மதியம் 2 மணிக்கு இரண்டாம் மாடியில் கூடும். ஆனால் சபையின் சிறு குழுக்களில் ஏற்கெனவே பொதுமக்கள் பேசி முடித்த விஷயத்துக்குச் சபையில் மறுபடி நேரம் தர மாட்டார்கள். ஆகவே குழுக் கூட்டத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். நகரத்தின் வாரியங்களிலும் ஆணையங்களிலும் உறுப்பினராகக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதியையும் 2020-இல் ஒரு ப்ராப் நீக்கிவிட்டது.

பேசக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடம், கூட்டம் அதிகமானால் அதற்கும் குறைவு. வணக்கம், நன்றியில் அரை நிமிடத்தைக் கரைக்காதீர்கள். எந்தத் தெரு, என்ன சிரமம், என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். மணி அடித்ததும் மைக்கை நிறுத்திவிடுவார்கள். சொல்லி முடிக்காவிட்டாலும் எழுதிக் கொண்டுபோன தாளைக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அதுவும் கோப்பில் சேரும்.