டெரிடின்களும் வெளிச்சமும்: ஆய்வகத்திலும் அலமாரியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி9 வைட்டமினான ஃபோலிக் அமிலம் போன்ற பல சேர்மங்கள் அடங்கிய குடும்பத்தின் பெயர் டெரிடின். “வெளிச்சம் பட்டால் டெரிடின் கெட்டுவிடும்” என்ற ஒற்றை வரியோடு பலர் இந்தப் பாடத்தை முடித்துக்கொள்கிறார்கள். அந்த வரி பொய்யில்லை, ஆனால் பாதிதான். எந்த டெரிடின், எந்த அலைநீளம், கரைசலில் ஆக்சிஜன் இருந்ததா, பிஎச் மதிப்பு என்ன என்று கேட்காமல் சொல்லப்படும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

முதல் தவறு, குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே குணம் என்று எண்ணுவது. வண்ணத்துப்பூச்சிச் சிறகின் மஞ்சள் நிறமியான சாந்தோடெரின், ஃபோலிக் அமிலம், உடலில் சுரக்கும் நியோடெரின், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் எல்லாவற்றுக்கும் நைட்ரஜன் பொதிந்த அதே இரட்டை வளையம்தான் அடிப்படை. ஆனால் ஒளிமுன் நடத்தை வேறு வேறு. மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலம் 350 நானோமீட்டர் அருகே நன்றாக ஒளியை உறிஞ்சும். நம் ரத்தத்தில் பெரும்பகுதியாக ஓடும் 5-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபோலேட்டோ 290 நானோமீட்டர் அருகேதான் உறிஞ்சும். எனவே நீள அலைப் புற ஊதா விளக்கு முன்னதைச் சிதைக்கும். பின்னதை நேரடியாகத் தொடாது. பக்கத்தில் ரைபோஃப்ளேவின் (பி2 வைட்டமின்) போன்ற ஒளியேற்பி, அதாவது ஒளியை வாங்கிப் பிற மூலக்கூறுகளைத் தாக்க வைக்கும் பொருள், இருந்தால் மட்டும், அது வாங்கிய ஆற்றலின் வழியாகப் பின்னதும் அழியும். இரண்டையும் “ஃபோலேட்” என்ற ஒரே பெயரில் அடக்கிவிட்டு எழுதப்படும் கட்டுரைகளில் முடிவுகள் முரண்படுவதில் வியப்பில்லை. வெளிச்சத்தைக் கேடாக இல்லாமல் கருவியாகப் பயன்படுத்தும் உறவினரும் உண்டு. புற ஊதாக் கதிரால் சேதமடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் ஃபோட்டோலயேஸ் நொதியில், ஃபோலேட் வகைச் சேர்மம் ஒன்று ஒளியை வாங்கி நொதியின் மையத்துக்குக் கடத்தும் ஆண்டெனாவாக வேலை செய்கிறது. இந்த நொதியையும் ஆராய்ந்த அஜீஸ் சன்ஜாருக்கு, டிஎன்ஏவைச் செல்கள் பழுதுபார்க்கும் முறை குறித்த ஆய்வுகளுக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது: சிதைந்ததோடு கதை முடிந்தது என்று நினைப்பது. ஆக்சிஜன் கலந்த ஃபோலிக் அமிலக் கரைசலில் நீள அலைப் புற ஊதா பட்டால் மூலக்கூறு நடுவில் உடைகிறது. ஒரு துண்டு பாரா-அமினோபென்சாயில் குளுட்டாமிக் அமிலம், மற்றது 6-ஃபார்மைல்டெரின் (டெரின் என்பது டெரிடினில் ஒரு வகை). அந்த ஃபார்மைல்டெரின் மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து 6-கார்பாக்ஸிடெரின் ஆகிறது. உடையாத ஃபோலிக் அமிலம் ஏறத்தாழ ஒளிர்வதே இல்லை, ஏனெனில் மூலக்கூறின் மறுபாதியே ஆற்றலைத் தணித்துவிடுகிறது. உடைந்த டெரின்கள் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்கின்றன. அந்தப் பளபளப்பைப் பார்த்து மாதிரி நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் உண்டு, உண்மை நேர்மாறானது. மேலும் இத்துண்டுகள் தாமே ஒளியேற்பிகள். அவை சிங்லெட் ஆக்சிஜனை (ஆற்றல் ஏறிய, எதனோடும் எளிதில் வினைபுரியும் ஆக்சிஜனை) உண்டாக்கும், எலக்ட்ரானைப் பறிக்கும், டிஎன்ஏவையும் புரதத்தையும் எஞ்சிய ஃபோலிக் அமிலத்தையும் தாக்கும். அதனால் சிதைவு தன்னைத்தானே விரைவுபடுத்திக்கொள்கிறது. ஆரம்பத்தில் மெதுவாகப் போகும் வரைகோடு பிறகு செங்குத்தாக விழுவது இதனால்தான். முதல் சில நிமிட வேகத்தை வைத்து மொத்த நேரத்தையும் கணக்கிட்டால் கணக்கு கவிழும்.

பிஎச் மதிப்பைக் குறிக்காமல் விடுவது அடுத்தது. டெரினின் அமில, கார வடிவங்கள் பிஎச் 8 அருகே மாறுகின்றன. சிங்லெட் ஆக்சிஜன் உண்டாக்கும் குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சிய ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் உண்டாகும் அளவு) அமில வடிவத்தில் சுமார் 0.18, கார வடிவத்தில் சுமார் 0.30. நடுநிலைத் தாங்கல் கரைசலில் எடுத்த எண்ணை அப்படியே கார நிலைக்குத் தூக்கிச் செல்ல முடியாது. அடர்த்தியான கரைசலில் ஒளிர்வை அளப்பதும் ஏமாற்றும்: மேலடுக்கே ஒளியை விழுங்கிவிட, உள்ளே போதிய ஒளி எட்டாது. இருட்டில், அதே வெப்பநிலையில் வைத்த ஒப்பீட்டு மாதிரி இல்லாத சோதனையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மருத்துவ மாதிரிகளில் அலட்சியம் இன்னும் கேடு. நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்திருப்பதைக் காட்டும் நியோடெரின் ஒளிக்குக் கூசும் பொருள். சிறுநீர், சீரம் மாதிரிகளை எடுத்தவுடன் அலுமினியத் தாளில் சுற்றிக் குளிரில் வைக்க வேண்டும். ஜன்னலோர மேசையில் வரிசையாக நிற்க விடக்கூடாது. உடலிலுள்ள இன்னொரு டெரினான டெட்ராஹைட்ரோபயோடெரின் அளப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. அது ஒளிராது, காற்றுபட்டாலே மாறிவிடும். ஒளிர்வைத் தேடி “இல்லை” என்று எழுதிவிடாதீர்கள்.

கண்ணாடி காப்பாற்றும் என்ற நம்பிக்கை வீடுகளிலும் உண்டு. சாதாரண ஜன்னல் கண்ணாடி தடுப்பது பெரும்பாலும் 320 நானோமீட்டருக்குக் குறைந்த அலைகளையே. ஃபோலிக் அமிலத்தை உடைக்கும் நீள அலை தாராளமாக உள்ளே வரும். மாத்திரை கரைசலைவிடப் பலமடங்கு தாங்கும் என்றாலும், அட்டையைப் பெட்டியிலேயே வைப்பது நல்லது. நீர்த்த மெத்தோட்ரெக்ஸேட் சொட்டுப்பையை மறைத்துத் தொங்கவிடுவதற்கும் இதே காரணம்தான். இடையே ஒரு செய்தி: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகத சுப்பாராவ்தான், அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை வழிநடத்தியவர்.

“வெயிலில் நின்றால் ஃபோலேட் போய்விடும், கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது” என்ற பேச்சுக்கு வேர் 1978-இல் பிராண்டா, ஈட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு. மனித ரத்தப் பிளாஸ்மாவில், வெயிலைப் போன்ற ஒளியை ஒரு மணி நேரம் பாய்ச்சியபோது ஃபோலேட் 30 முதல் 50 சதவீதம் குறைந்தது. அது குப்பியில் இருந்த பிளாஸ்மா. தோலும் மெலனினும் உணவும் உள்ள உடல் அல்ல. தோல் நிறப் பரிணாமத்தை விளக்க ஒரு கருதுகோளாக அது மதிப்புள்ளது. வீட்டுக்குள் அடைந்து கிடக்கச் சொல்லும் மருத்துவ ஆலோசனையாக அல்ல. கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரைதான் வேலை செய்யும்.

கடைசியாக, காமாக் கதிரையும் ஒளியையும் ஒரே பட்டியலில் போடுவது. புற ஊதா டெரிடின் வளையத்தைத் தேடிப்பிடித்துக் கிளர்வூட்டுகிறது. அலைநீளம் பொருந்தாவிட்டால் நேரடியாக எதுவும் நடக்காது. கோபால்ட்-60 வீசும் காமாக் கதிருக்கு அந்தத் தேர்வே கிடையாது. நீர்க் கரைசலில் அது முதலில் நீரைத்தான் உடைக்கிறது. அதில் பிறக்கும், எளிதில் வினைபுரியும் துண்டுகளான ஹைட்ராக்சில் வேரணுக்களும், நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எலக்ட்ரான்களும் பிறகு டெரிடினைத் தாக்குகின்றன. ஆகவே உலர்ந்த பொடி ஓரளவு தாங்கும், நீர்த்த கரைசல் தாங்காது. பழுப்புப் புட்டியும் அலுமினியத் தாளும் இங்கே ஒரு பயனும் தராது. உறைய வைத்துக் கதிரூட்டினால் சேதம் குறையும்.