மாலத்தீவு நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவின் நாடாளுமன்றமான மக்கள் மஜ்லிஸுக்கு 2024 ஏப்ரல் 21 அன்று தேர்தல் நடந்தது. அதில் அதிபர் முகமது முய்ஸுவின் மக்கள் தேசிய காங்கிரஸ் 93 இடங்களில் 66ஐக் கைப்பற்றியது. அதுவரை அவையில் பெரும்பான்மையுடன் இருந்த மாலத்தீவு ஜனநாயகக் கட்சி 12 இடங்களோடு நின்றது. முடிவுகள் முழுமையாக வெளிவரும் முன்பே அவற்றுக்குப் பொருள் சொல்லிய கட்டுரைகள் பல வந்துவிட்டன. அவற்றில் காணப்பட்ட பிழைகள் புதியவை அல்ல. அந்நாட்டின் ஒவ்வொரு தேர்தலின்போதும் அவையே திரும்ப வருகின்றன.

முதல் பிழை, வென்ற கட்சி ‘ஆட்சியைப் பிடித்தது’ என்று எழுதுவது. 2007இல் நடந்த பொது வாக்கெடுப்பில் மாலத்தீவு மக்கள் அதிபர் ஆட்சிமுறையையே தேர்ந்தெடுத்தார்கள். 2008இன் அரசமைப்பும் அதன்படியே அமைந்தது. அதிபரை மக்கள் தனித் தேர்தலில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மஜ்லிஸில் அவருடைய கட்சி தோற்றாலும் அவர் பதவியில் நீடிக்கிறார். முய்ஸு பதவியேற்றது 2023 நவம்பரில். ஆகவே 2024 ஏப்ரலில் முடிவானது யார் ஆள்வது என்பதன்று, ஆள்பவரைத் தடுக்கும் வலிமை அவையில் எவரிடமாவது இருக்குமா என்பதே. அந்தத் தடை வெறும் ஏட்டளவில் இருப்பதும் அன்று. அமைச்சர்களின் நியமனத்துக்கு மஜ்லிஸின் ஒப்புதல் வேண்டும் என்பதால், எதிர்க்கட்சியின் கையில் இருந்த பழைய அவை 2024 ஜனவரியில் மூன்று அமைச்சர்களை நிராகரித்தது. வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே கைகலப்பில் இறங்கினார்கள். நிராகரிக்கப்பட்ட மூவரையும் அதிபர் மீண்டும் நியமித்தார் என்பதிலிருந்து, அந்தத் தடைக்கும் எல்லை உண்டு என்று தெரிகிறது.

அடுத்தது, இடங்களின் விகிதத்தை மக்கள் ஆதரவின் விகிதமாகக் கொள்வது. அதிபர் தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாவிட்டால் இரண்டாம் சுற்று நடக்கும். மஜ்லிஸ் தேர்தலில் அப்படி இல்லை, தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் முதல் சுற்றிலேயே வென்றுவிடுவார். சில ஆயிரம் வாக்காளர்களே உள்ள தொகுதியில் நான்கைந்து பேர் களத்தில் நின்றால், மூன்றில் ஒரு பங்கு வாக்குகூட வெற்றிக்குப் போதும். 2019இல் மாலத்தீவு ஜனநாயகக் கட்சி 87இல் 65 இடங்களைப் பெற்றபோது அதன் மொத்த வாக்கு பாதியைத் தொடவில்லை.

இதைத் தெரிந்துகொண்டவர்களும் எதிர்த்திசையில் தவறுவதுண்டு, அதற்கு 2014இன் முடிவே நல்ல சான்று. அந்தத் தேர்தலில் மாலத்தீவு ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகளுடன் 26 இடங்களைப் பெற்றது. அன்றைய அதிபர் அப்துல்லா யாமீனின் முற்போக்குக் கட்சியோ சுமார் 28 விழுக்காட்டில் 33 இடங்களைப் பெற்றுவிட்டது. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது பெரும் அநீதியாகத் தோன்றும். ஆனால் முற்போக்குக் கட்சி எல்லாத் தொகுதிகளிலும் நிற்கவில்லை. கூட்டாளிகளான ஜம்ஹூரி கட்சியோடும் மாலத்தீவு வளர்ச்சிக் கூட்டணியோடும் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டது. மூன்று கட்சிகளின் வாக்குகளையும் கூட்டினால் சுமார் 45 விழுக்காடு, இடங்கள் 53. முறை பெரிய அணிக்குச் சாதகமாக அமைந்தது உண்மைதான், ஆனால் 28க்கு எதிராக 41 என்ற ஒப்பீட்டில் பொருளில்லை. கட்சிவாரி வாக்குகளைப் பேசும் முன், அக்கட்சி எத்தனை தொகுதிகளில் நின்றது என்று பார்ப்பதே முறை.

இடங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் பலர் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு நிர்வாகப் பிரிவுக்கும், அதன் மக்கள்தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அரசமைப்பு இரண்டு இடங்களைத் தருகிறது. 5,000 பேரைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு 5,000 பேருக்கும் ஓரிடம் கூடுகிறது. அதனால் அட்டோல் எனப்படும் பவளத் தீவுக்கூட்டங்களில் மிகச் சிறியதான வாவுக்கும் இரண்டு உறுப்பினர்கள் உண்டு. மறுபுறம், நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் தலைநகர் மாலே பகுதியில் வாழ்ந்தாலும், அவர்களில் பலருடைய பதிவு சொந்தத் தீவிலேயே இருக்கிறது. தொலைவிலுள்ள ஒரு தீவின் தொகுதிக்கான வாக்குப்பெட்டி மாலேயில் வைக்கப்படுவது அங்கே வழக்கம். 2024இல் திருவனந்தபுரத்திலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும்கூடப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ‘தீவுகள் இப்படி வாக்களித்தன, தலைநகர் அப்படி வாக்களித்தது’ என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

‘மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது, இனி அரசமைப்பையே மாற்றலாம்’ என்பது 2024இல் மிகுதியாகக் கேட்ட தவறு. மாலத்தீவில் அதிபரைப் பதவிநீக்கம் செய்யத்தான் மூன்றில் இரண்டு பங்கு போதும். அரசமைப்பைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு வேண்டும், அதாவது 93இல் 70 பேர். கட்சியின் சொந்தக் கணக்கான 66 அதற்குப் போதவில்லை. கூட்டணிக் கட்சியினரும் பின்னர் வந்து சேர்ந்த சுயேச்சைகளும்தான் அந்தக் குறையை நிரப்பினார்கள். சுயேச்சைகள் 11 பேர் வென்றார்கள் என்ற செய்தியை ‘பிறர்’ என்ற வரிசையில் ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டு ஊடகங்கள் இந்த வெற்றியைச் சீனாவின் வெற்றி என்றும் இந்தியாவின் தோல்வி என்றும் எழுதின. 2023 அதிபர் தேர்தலில் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கம் ஒலித்ததை மறுக்க முடியாது. ஆனால் அதே முய்ஸு 2024 அக்டோபரில் டெல்லிக்குச் சென்று, 40 கோடி டாலர் மதிப்புள்ள நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டுடன் திரும்பினார். அதைவிடக் காலக்கணக்கே பொருத்தமான விளக்கம் தரும் என்பது என் கருத்து: மஜ்லிஸ் தேர்தல் அதிபர் தேர்தலுக்குச் சில மாதங்களுக்குப் பிறகு வருவதால், புதிதாக வென்ற அதிபரின் அணிக்கே 2014, 2019, 2024 மூன்று முறையும் அவை கிடைத்தது. 2009இல் அன்றைய அதிபர் முகமது நஷீதின் மாலத்தீவு ஜனநாயகக் கட்சி அதிக வாக்குப் பெற்றும் இடங்களில் பின்தங்கியதே விதிவிலக்கு.

இறுதியாக, முடிவு நாளின் எண்ணிக்கை ஐந்தாண்டுக்கும் நிலைக்கும் என்று கருதுவது தவறு. 2019இல் 65 இடங்களை வென்ற கட்சியிலிருந்து 2023இல் நஷீதின் ஆதரவாளர்கள் பிரிந்து ‘டெமாக்ரட்ஸ்’ கட்சியில் சேர்ந்தார்கள். அடுத்த தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தத்தின்படி, கட்சிச் சின்னத்தில் வென்ற ஒருவர் கட்சியை விட்டு விலகினாலும் நீக்கப்பட்டாலும் இடத்தை இழப்பார். ஆகவே 2024இன் 66ஐ 2019இன் 65ஓடு ஒப்பிடுவோர், இவ்விரண்டும் வெவ்வேறு விதிகளின் கீழ் இயங்கும் பெரும்பான்மைகள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.