இலையுதிர் காலத்தில் காலை வெளிச்சத்தைத் தவறவிடாதீர்கள்
லண்டனில் செப்டம்பர் இறுதியில் ஏறத்தாழ 12 மணி நேரமாக இருக்கும் பகற்பொழுது, டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைந்துவிடுகிறது. நம் உடலின் உறக்க ஒழுங்கு பெரிதும் காலை வெளிச்சத்தைச் சார்ந்திருப்பதால், இந்தப் பருவத்தில் சோர்வு கூடுவதைச் சோம்பல் என்று எண்ணி உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்க விரும்புவோர், விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நடப்பதையே முதலில் தேர்ந்தெடுக்கலாம். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம்கூட வீட்டு விளக்கின் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு வலியது. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் 1 மணி நேரம் பின்னோக்கி நகர்த்தப்பட்டதும் மாலை விரைவிலேயே இருண்டுவிடும் என்பதால், மாலை நடையை மட்டும் நம்பியிருப்பது நல்லதன்று.

வைட்டமின் டி குறித்தும் கவனம் தேவை. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை பிரிட்டனின் வெயிலில் அது போதிய அளவு தோலில் உருவாகாது என்பதால், நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்குமாறு அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை அனைவருக்கும் கூறுகிறது. கருநிறத் தோலுடைய தெற்காசியர்களுக்கு, அதாவது அங்கு வாழும் தமிழர்களுக்கும், இந்த அறிவுரை ஆண்டு முழுவதற்கும் பொருந்தும். மனச்சோர்வு 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், குளிர்காலம் முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.